எண்டோமெட்ரியோசிஸும் வயிற்றுக்குள் விழும் ஒட்டல்களும்: குமரி மாவட்டப் பெண்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இங்கே உள்ள கேள்விகளில் பெரும்பாலானவை மருத்துவமனை வராந்தாவில், முறைக்காகக் காத்திருந்த நேரங்களில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் என்னிடம் கேட்டவை. சில என் உறவுப் பெண்கள் கேட்டவை. நான் மருத்துவர் அல்ல. கல்குளம் வட்டத்தைச் சேர்ந்த, 14 ஆண்டுகளில் 3 முறை வயிற்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட நோயாளி. ஆகவே மருந்தின் அளவையோ சிகிச்சையின் வகையையோ இதைப் படித்து முடிவு செய்யாமல், மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்கு இதைப் பயன்படுத்துங்கள்.

இது என்ன நோய்? கர்ப்பப்பையில் வரும் கட்டியா?

கர்ப்பப்பைக்கு உள்ளே வருவது அல்ல. கருப்பையின் உட்புறத்தை மூடியிருக்கும் சவ்வைப் போன்ற ஒரு திசு, கருப்பைக்கு வெளியே, அதாவது சினைப்பையிலோ, கருக்குழாயிலோ, கருப்பைக்கும் மலக்குடலுக்கும் இடையில் உள்ள பள்ளத்திலோ, சிறுநீர்ப்பையின் மேலோ, குடலின் மேலோ வளர்வதுதான் எண்டோமெட்ரியோசிஸ். மாதந்தோறும் ஏறி இறங்கும் ஹார்மோன்களுக்கு ஏற்ப அதுவும் வீங்கிக் கசிகிறது. கருப்பைக்குள் கசியும் இரத்தம் வெளியே வந்துவிடும். இதற்கு வெளியேறும் வழி கிடையாது. தேங்கிய இரத்தத்தால் சுற்றியுள்ள இடம் புண்ணாகி, ஆறித் தழும்பாகி, அந்தத் தழும்பு காய்வதற்குள் அடுத்த மாதம் வந்துவிடுகிறது. சினைப்பைக்குள் இப்படிச் சேரும் பழைய இரத்தம் கெட்டியான பழுப்பு நிறக் குழம்பாக இருப்பதால்தான் அதைச் சாக்லேட் கட்டி என்கிறார்கள். அமெரிக்க மருத்துவர் ஜான் சாம்ப்சன் 1921-ல் எழுதிய கட்டுரையிலேயே இந்தப் பெயர் வருகிறது. மாதவிடாய் இரத்தத்தில் ஒரு பகுதி கருக்குழாய் வழியாகப் பின்னோக்கி வயிற்றுக்குள் ஒழுகுவதுதான் காரணம் என்று 1927-ல் சொன்னவரும் அவரே. ஆனால் அப்படிப் பின்னோக்கி ஒழுகுவது பெரும்பாலான பெண்களுக்கு நடக்கிறது, நோய் சிலருக்கு மட்டுமே வருகிறது என்பதால், அந்த விளக்கம் மட்டும் போதாது என்பதே இன்றைய நிலை.

இது அபூர்வமான நோயும் அல்ல. இனப்பெருக்க வயதில் உள்ள பெண்களில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினருக்கு, உலக அளவில் சுமார் 19 கோடிப் பேருக்கு, இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

மாதவிலக்கின்போது எல்லாருக்கும்தான் வலிக்கிறது. இதை எப்படிப் பிரித்தறிவது?

என் பாட்டி, "மக்களே, பொம்பளைக்குப் பிறந்தா இது உள்ளதுதான்" என்றுதான் சொன்னாள். அவளுக்கும் அதையே யாரோ சொல்லியிருப்பார்கள். முதல் நாளில் வலித்து, ஒரு மாத்திரையிலோ சுக்குத் தண்ணீரிலோ அடங்கி, அன்றாட வேலையைத் தடுக்காத வலி பெரும்பாலும் சாதாரணமானது. பள்ளிக்கூடத்துக்கோ வேலைக்கோ மாதந்தோறும் விடுப்பு எடுக்க வைக்கும் வலி, இரத்தப்போக்கு தொடங்குவதற்குச் சில நாள் முன்பே ஆரம்பித்து முடிந்த பிறகும் நீடிக்கும் வலி, மாதவிலக்கு நாட்களில் மலம் கழிக்கும்போது கத்தியால் குத்துவது போன்ற வலி, சிறுநீர் கழிக்கும்போது வலி, தாம்பத்திய உறவின்போது ஆழத்தில் ஏற்படும் வலி, ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போகும் வலி ஆகியவை அந்தக் கணக்கில் சேராதவை. குறிப்பாக மலம் கழிக்கும்போது வரும் வலியைப் பெண்கள் மருத்துவரிடம் சொல்வதே இல்லை. மூலம் என்று நினைத்துக்கொண்டு களிம்பு வாங்குகிறார்கள். நானும் 2 ஆண்டுகள் அப்படித்தான் வாங்கினேன்.

நோய் தொடங்கியதற்கும் அதற்குப் பெயர் வைக்கப்படுவதற்கும் இடையில் 4 முதல் 12 ஆண்டுகள் கழிந்துவிடுவதாகச் சொல்லப்படுகிறது. அந்த ஆண்டுகளில் பெரும்பகுதி வீட்டுக்குள்ளேயே போய்விடுகிறது.

அறிக்கையில் நான்காம் நிலை என்று எழுதியிருக்கிறார்கள். புற்றுநோய் போல முற்றிவிட்டதா?

இந்தக் கேள்வியை அழுதுகொண்டே கேட்டவர்கள் உண்டு. இல்லை. இது புற்றுநோயின் நான்காம் கட்டம் போன்றது அல்ல. உயிருக்கு நாள் குறிப்பதும் அல்ல. அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கம் 1996-ல் திருத்திய முறைப்படி, வயிற்றுக்குள் காணப்படும் புள்ளிகள், கட்டிகள், ஒட்டல்கள் ஆகியவற்றுக்கு மதிப்பெண் போடுகிறார்கள். 1 முதல் 5 வரை முதல் நிலை, 15 வரை இரண்டாம் நிலை, 40 வரை மூன்றாம் நிலை, அதற்கு மேல் நான்காம் நிலை. எத்தனை இடங்களில், எவ்வளவு ஒட்டிக்கொண்டு இருக்கிறது என்பதற்கான கணக்கே அது. வலியின் கணக்கு அதில் இல்லை. முதல் நிலையில் தரையில் புரண்டு அழுபவர்களும் உண்டு, நான்காம் நிலையோடு எந்தத் தொந்தரவும் இல்லாமல் இருந்து, குழந்தை இல்லை என்று பரிசோதனைக்குப் போனபோது கண்டுபிடிக்கப்பட்டவர்களும் உண்டு. சினைப்பைப் புற்றுநோயின் வாய்ப்பு இந்நோய் உள்ளவர்களுக்குச் சற்றே கூடுதல் என்பது உண்மை. ஆனால் மிகப் பெரும்பாலானோருக்கு அது வருவதே இல்லை.

ஒட்டல் என்கிறார்களே, எது எதோடு ஒட்டுகிறது?

சக்கை (பலாப்பழம்) அறுத்துப் பழகியவர்களுக்கு இதை விளக்குவது எளிது. சுளைகளுக்கு இடையில் நார் கிடக்கும் அல்லவா? சில இடத்தில் விரலால் நீவினாலே வந்துவிடும். சில இடத்தில் நார் சுளையோடு சுளையாக இறுகி, பாலும் பிசினுமாகக் கிடக்கும். கத்தி வைத்தால் சுளையும் சேர்ந்தே கிழியும். வயிற்றுக்குள் விழும் ஒட்டல்களும் இந்த இரண்டு வகையாகத்தான் இருக்கின்றன. என் இரண்டாம் அறுவையின் காணொளியை மருத்துவர் தன் கணினியில் காட்டியபோது, மெல்லிய வெள்ளைப் படலம் ஒன்று கத்தரியின் நுனி பட்டதுமே விலகுவதைப் பார்த்தேன். அதற்கு அடுத்த இடத்தில் இடது சினைப்பை எது, குடல் எது என்று பிரித்தறிய முடியாதபடி ஒரே திரளாக இருந்தது. அந்த ஒரு விரற்கடை இடத்தில் கருவி நகரவே இல்லை.

வயிற்றின் உட்சுவரையும் உறுப்புகளையும் மூடியிருக்கும் பெரிடோனியம் என்ற சவ்வு வழுவழுப்பானது. அதனால்தான் குடல் தடையின்றி நழுவி நகர்கிறது. அந்தச் சவ்வு காயப்பட்டால் உடனே ஃபைப்ரின் என்ற பசை அங்கே படிகிறது. எல்லாம் நன்றாக நடந்தால் சில நாட்களில் உடலே அதைக் கரைத்துவிடும். கரையாமல் நின்றுவிட்டால், அதற்குள் தழும்புத் திசுவும் பிறகு இரத்தக் குழாய்களும் வளர்ந்து, இரண்டு உறுப்புகளுக்கு இடையில் நிரந்தரக் கயிறாகிவிடுகிறது. இரண்டு சினைப்பைகளும் கருப்பைக்குப் பின்னால் இழுக்கப்பட்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கிடப்பதும், இடுப்புக்குள் எதுவுமே அசையாதபடி எல்லாம் இறுகிப் போவதும் கடுமையான நோயில் காணப்படுபவை.

அந்த ஒட்டல்கள் நோயினால் வந்தவையா, ஆபரேஷனால் வந்தவையா?

இரண்டினாலும் வரும், இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கும். இந்தப் பக்கத்தை நான் எழுதுவதற்கு முக்கியக் காரணமே இந்தக் கேள்விதான். நோயை அகற்றுவதற்காக வயிற்றுக்குள் நுழையும் ஒவ்வொரு அறுவையும், எவ்வளவு திறமையாகச் செய்யப்பட்டாலும், புதிய காயத்தை உண்டாக்கியே வெளியே வருகிறது; அந்தக் காயத்தில் அடுத்த ஒட்டல் பிறக்க இடமிருக்கிறது. சிசேரியன், குடல்வால் அறுவை, குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை ஆகியவையும் இந்தக் கணக்கில் சேரும். ஸ்காட்லாந்தில் 1986-ஆம் ஆண்டு வயிற்றைத் திறந்து அறுவை செய்துகொண்டவர்களைப் 10 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 1999-ல் முடிவை வெளியிட்டார்கள். ஏறத்தாழ மூன்றில் ஒருவர், ஒட்டலோடு தொடர்புள்ள அல்லது தொடர்பு இருக்கக்கூடிய காரணத்துக்காகவோ, ஒட்டலால் சிக்கலாகக்கூடிய வேறொரு அறுவைக்காகவோ மீண்டும் மருத்துவமனையில் சேர்ந்திருந்தார்கள்.

எனக்கு முதல் அறுவை வயிற்றைக் கிழித்து, அவசரமாக, கட்டியை மட்டும் உறிஞ்சி எடுத்துச் செய்யப்பட்டது. இரத்தக் கட்டியை உறிஞ்சிவிட்டு அதன் உறையை விட்டுவிட்டால் அது மீண்டும் நிரம்பும் என்பதும், உறையோடு சேர்த்து உரித்தெடுப்பதே மேல் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. அந்த மருத்துவமனையில் அதை யாரும் சொல்லவும் இல்லை. ஒன்றரை ஆண்டில் கட்டி திரும்பி வந்தது, குடலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு.

ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று வருகிறதே?

வயிற்றின் மேல் ஜெல் தடவிப் பார்க்கும் ஸ்கேனில் சாக்லேட் கட்டி தெரியும். சிறு புள்ளிகளும் ஆழமாகப் பதிந்த நோயும் ஒட்டல்களும் பெரும்பாலும் தெரியா. உள்வழியாகச் செய்யும் ஸ்கேனில், அனுபவமுள்ளவர் கருவியை மெல்ல அழுத்தி, கருப்பையும் மலக்குடலும் ஒன்றன் மேல் ஒன்று நழுவுகின்றனவா என்று பார்க்கிறார். நழுவவில்லை என்றால் பின்பள்ளம் ஒட்டிப்போயிருக்கிறது என்று ஊகிக்கலாம். கல்யாணம் ஆகாத பெண்களுக்கு இந்த ஸ்கேனை நம் ஊரில் செய்வதில்லை, வீட்டாரும் சம்மதிப்பதில்லை. அவர்களுக்கு எம்ஆர்ஐ நல்ல மாற்று. இரத்தத்தில் பார்க்கும் சிஏ 125 என்ற புரதத்தின் அளவு கூடியிருந்தாலும் குறைந்திருந்தாலும் அதை வைத்து நோய் உண்டு என்றோ இல்லை என்றோ சொல்ல முடியாது.

நோயை உறுதிப்படுத்த லேபராஸ்கோபி, அதாவது வயிற்றில் சிறு துளை போட்டுக் கேமராவால் உள்ளே பார்க்கும் அறுவை, செய்தே ஆக வேண்டும் என்று முன்பு சொல்லி வந்தார்கள். ஐரோப்பிய மனித இனப்பெருக்கச் சங்கத்தின் 2022-ஆம் ஆண்டு வழிகாட்டி அதை மாற்றிவிட்டது. அறிகுறிகளையும் ஸ்கேனையும் வைத்தே சிகிச்சையைத் தொடங்கலாம். ஸ்கேனில் எதுவும் தெரியாதபோதோ மருந்து பலிக்காதபோதோதான் அறுவையை நினைக்க வேண்டும். ஒட்டலைப் பற்றி மேலே சொன்னதை வைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது புரியும்.

இன்னொன்று: ஆழமான நோய் சிறுநீர்க் குழாயை நெரித்தால் வலியே இல்லாமல் சிறுநீரகம் வீங்கிக் கெட்டுப்போகக்கூடும். நான்காம் நிலை என்று சொல்லப்பட்டவர்கள் ஸ்கேன் எடுக்கும் ஒவ்வொரு முறையும் சிறுநீரகத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

மாத்திரையிலேயே சமாளிக்க முடியுமா?

பலரால் முடிகிறது. டைனோஜெஸ்ட் என்ற 2 மில்லிகிராம் ஹார்மோன் மாத்திரையைத் தினமும் இடைவிடாமல் எடுத்துக்கொள்வது இப்போது பரவலாக இருக்கிறது. கருத்தடை மாத்திரைகள், நோரெதிஸ்டெரோன், கருப்பைக்குள் வைக்கும் லெவோநார்ஜெஸ்ட்ரல் சாதனம் ஆகியவையும் உண்டு. இவை நோயை வேரோடு அழிப்பதில்லை, மாதாந்திர இரத்தக் கசிவை அடக்கி நோயைத் தூங்க வைக்கின்றன. டைனோஜெஸ்ட் தொடங்கிய முதல் சில மாதங்களில் சொட்டுச் சொட்டாக இரத்தம் படுவது வழக்கம். அதைக் கண்டு பயந்து பாதியில் நிறுத்துபவர்களே அதிகம். மனச்சோர்வு வந்தால் மட்டும் அதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மாதம் ஒரு முறையோ 3 மாதத்துக்கு ஒரு முறையோ போடும் லூப்ரோலைடு ஊசி, தற்காலிகமாக மாதவிடாய் நின்ற நிலைக்கு உடலைக் கொண்டு போகிறது. எலும்பு தேயும் என்பதால் துணை ஹார்மோன் இல்லாமல் 6 மாதத்துக்கு மேல் பொதுவாகப் போடுவதில்லை.

ஏற்கனவே இறுகிவிட்ட ஒட்டலை எந்த மாத்திரையும் கரைக்காது. இதை முதலிலேயே தெரிந்துகொண்டால் மருந்தின் மேல் வீண் கோபம் வராது.

வலி மாத்திரைகளைப் பற்றி ஒரு சொல். மெஃபெனாமிக் அமிலம் கலந்த மாத்திரையைப் பெட்டிக்கடை மிட்டாய் போல வாங்கிப் போடுகிறோம். அதனால் சிலருக்குக் காய்ச்சல், தோல் தடிப்பு, உள்ளுறுப்புப் பாதிப்போடு கடுமையான ஒவ்வாமை வரக்கூடும் என்று இந்திய பார்மகோபியா ஆணையம் 2023 இறுதியில் எச்சரித்தது. அபூர்வம்தான், ஆனாலும் வெறும் வயிற்றில், நாள் கணக்கில், யாரையும் கேட்காமல் போடக்கூடிய மருந்து அல்ல அது.

ஒட்டலை மட்டும் அறுத்துப் பிரித்துவிட்டால் வலி போகுமா?

நானும் அப்படித்தான் நம்பினேன். நெதர்லாந்தில் நாட்பட்ட வயிற்று வலியும் ஒட்டல்களும் உள்ள 100 பேரை இரண்டு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு லேபராஸ்கோபி மூலம் ஒட்டல்களைப் பிரித்தும், மற்றொரு குழுவுக்கு வெறுமனே உள்ளே பார்த்துவிட்டும் வந்தார்கள். 2003-ல் வெளிவந்த முடிவின்படி, ஓராண்டு கழித்து இரு குழுவிலும் வலி ஏறத்தாழ ஒரே அளவில்தான் குறைந்திருந்தது. பிரித்த இடத்தில் ஒட்டல் மறுபடியும் விழுவதை நினைத்தால் இதில் வியப்பில்லை. ஆழமான எண்டோமெட்ரியோசிஸ் திசுவை அகற்றும் அறுவை வேறு விஷயம். அதனால் பலருக்கு வலி குறைகிறது. குடல் அடைப்பு வந்தாலும் அறுவை தேவைப்படலாம். ஆனால் "ஒட்டியிருக்கிறது, பிரித்துப் பார்ப்போம்" என்பது மட்டுமே காரணமாகச் சொல்லப்பட்டால், மேசையில் படுப்பதற்கு முன் இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேளுங்கள்.

ஆண்டுக்கணக்கில் வலித்தபின் இடுப்புத் தசைகள் எப்போதும் இறுகிய நிலையிலேயே இருக்கப் பழகிவிடுகின்றன. நரம்புகளும் சிறு தொடுகையைக்கூட வலியாக உணரத் தொடங்குகின்றன. அப்போது கத்தியைவிட இயன்முறை சிகிச்சையும் மூச்சுப் பயிற்சியும், மருத்துவர் தரும் நரம்பு வலி மருந்துகளும் கூடுதலாக உதவலாம்.

அறுவை தேவைதான் என்றால் எங்கே போவது?

நம் மாவட்டத்துக்குக் கத்தியின் மேல் பழைய நம்பிக்கை உண்டு. நெய்யூரில் மிஷன் மருத்துவம் 1838-ல் தொடங்கியது. 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் ஏறப் போன ஆங்கிலேய மருத்துவர் சோமர்வெல் பல ஆண்டுகள் அறுவை செய்த இடம் அது. நெய்யூர் டாக்டர் வயிற்றைக் கீறி உயிர் கொடுத்தார் என்ற கதை இல்லாத பழைய குடும்பம் இங்கே குறைவு. அந்த நம்பிக்கை நல்லதே; ஆனால் இந்த நோயில் "யார் கீறினாலும் சரி" என்று அது மாறிவிடக் கூடாது. மூன்றாம், நான்காம் நிலை அறுவை, வழக்கமான கர்ப்பப்பை அறுவையைவிடக் கடினம். குடல் அறுவை மருத்துவரும் சிறுநீரகவியல் அறுவை மருத்துவரும் கூப்பிட்ட குரலுக்கு வரும் இடத்தில்தான் அது நடக்க வேண்டும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தொடங்கலாம். அங்கிருந்து மேல் சிகிச்சைக்கு எழுதிக் கொடுத்தால் பலர் திருவனந்தபுரம் போகிறார்கள், சிலர் திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ போகிறார்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை காப்பீடு இருக்கிறது. உங்கள் அறுவை அந்தப் பட்டியலில் உண்டா, எல்லை தாண்டிப் போகும் மருத்துவமனையில் அந்த அட்டை செல்லுமா என்பதை, தேதி குறிப்பதற்கு முன்பே காப்பீட்டு உதவி மேசையில் கேட்டுவிடுங்கள்.

மருத்துவரிடம் நான் மூன்றாம் முறை கேட்ட கேள்விகள் இவை: நோயை எரிப்பீர்களா, வெட்டி எடுப்பீர்களா? குடலைத் தொட வேண்டி வந்தால் யார் செய்வார்? குடலின் ஒரு பகுதியை எடுக்க நேர்ந்தால் வயிற்றில் பை வைக்க வேண்டியிருக்குமா? ஒட்டல் தடுப்புத் தாளோ திரவமோ பயன்படுத்துவீர்களா? அறுவைக்குப் பிறகு எந்த மாத்திரையை, எத்தனை ஆண்டு சாப்பிட வேண்டும்? கடைசிக் கேள்வி முக்கியமானது. அறுவைக்குப் பின் 5 ஆண்டுகளில் 40 முதல் 50 விழுக்காட்டினருக்கு நோய் திரும்புவதாக ஆய்வுத் தொகுப்புகள் காட்டுகின்றன. தொடர்ந்து மாத்திரை எடுப்பது அதைக் குறைக்கிறது. தடுப்புத் தாள் ஒட்டலைக் குறைக்கலாம், முற்றாகத் தடுப்பதில்லை. கேள்வி கேட்டதற்காக எரிச்சல்பட்ட மருத்துவரை விட்டு நான் எழுந்து வந்திருக்கிறேன், அதற்காக வருந்தியதில்லை.

கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் ஒரேயடியாகத் தீர்ந்துவிடும் என்கிறார்களே?

நோய் கருப்பைக்கு வெளியே இருக்கிறது என்று முதலில் சொன்னதை மறுபடியும் நினைத்துப் பாருங்கள். வெளியே உள்ள நோயை விட்டுவிட்டுக் கருப்பையை மட்டும் எடுத்தால் வலி தொடரலாம். அடினோமயோசிஸ், அதாவது கருப்பையின் தசைச் சுவருக்குள்ளேயே இந்தத் திசு ஊடுருவும் நோய், சேர்ந்திருந்தால் கருப்பையை எடுப்பதால் பலன் கூடுதல். சினைப்பைகளையும் எடுத்தால் நோய் திரும்பும் வாய்ப்பு நன்றாகக் குறைகிறது. ஆனால் 35 வயதில் எடுத்தால் அப்போதே மாதவிடாய் நின்ற உடலாகிவிடும். எலும்பு தேய்மானம், இதய நோய், உடல் காந்தல், தூக்கமின்மை எல்லாம் முன்கூட்டியே வரக்கூடும். அதற்கு ஹார்மோன் மருந்து எடுக்க வேண்டியிருக்கும். பிள்ளை பெற்று முடித்துவிட்டோமே, அந்த உறுப்பு எதற்கு என்று பேசுபவர்களுக்கு இந்தப் பின்பகுதி தெரிவதில்லை.

கல்யாணம் செய்துவைத்தால், ஒரு குழந்தை பிறந்தால் சரியாகிவிடுமா?

இல்லை. கர்ப்ப காலத்தில் மாதவிடாய் இல்லாததால் சிலருக்கு வலி அடங்கியிருக்கும். அது சிகிச்சை அல்ல. நோய்க்கு மருந்தாகக் கர்ப்பம் தரிக்கச் சொல்லக் கூடாது என்று 2022 வழிகாட்டி வெளிப்படையாகவே சொல்கிறது. இந்த நோயோடு கர்ப்பம் தரிப்பதே பலருக்குக் கடினம் என்பதால், இந்த ஆலோசனை ஒரு பெண்ணைக் கல்யாணத்துக்குப் பிறகு இரட்டிப்பாக நோகடிக்கிறது. குழந்தை வேண்டும் என்று நினைப்பவர்கள் சினைப்பை அறுவைக்கு முன், முட்டைகளின் கையிருப்பைக் காட்டும் ஏஎம்எச் என்ற ஹார்மோனின் அளவை இரத்தத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். கட்டியை உரித்தெடுக்கும்போது நல்ல சினைமுட்டைகளும் சில போய்விடும், இரண்டாம் முறை இன்னும் போகும். சிலருக்கு அறுவையைத் தள்ளிவைத்து நேராக ஐவிஎஃப் (சோதனைக்குழாய்க் குழந்தை) சிகிச்சைக்குப் போவதே மேல்.

எந்த அறிகுறி வந்தால் உடனே ஓட வேண்டும்?

விட்டுவிட்டு முறுக்கிப் பிடிக்கும் வலி, வயிறு ஊதிப்போதல், பச்சையாகவோ மஞ்சளாகவோ வாந்தி, மலம் மட்டுமல்லாமல் காற்றும் பிரியாமல் போதல்: இவை ஒன்றாக வந்தால் ஒட்டலால் குடல் அடைபட்டிருக்கலாம். ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். விளக்கெண்ணெய் கொடுப்பது, பேதி மாத்திரை கொடுப்பது, தண்ணீராவது குடி என்று வற்புறுத்துவது எதுவும் கூடாது. அடைபட்ட குடலுக்கு அவை ஆபத்து. முன்பு வயிற்றில் அறுவை நடந்திருப்பதை மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். எல்லா அடைப்புக்கும் அறுவை வேண்டியதில்லை. மூக்கு வழியாகக் குழாய் போட்டு, குளுக்கோஸ் ஏற்றி, பட்டினி போட்டே பல நேரங்களில் குடல் திறந்துவிடும். வலி திடீரென்று உச்சத்துக்குப் போய் மயக்கம் வந்தால் கட்டி உடைந்திருக்கலாம் அல்லது சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம், அதுவும் அவசரமே.

மரச்சீனியும் (மரவள்ளிக் கிழங்கும்) சக்கையும் சாப்பிடலாமா?

நோயை வளர்க்கும் உணவு என்றோ குணமாக்கும் உணவு என்றோ எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. குடலோடு ஒட்டல் உள்ளவர்களுக்கு மட்டும் ஒரு கவனம் வேண்டும்: நார் மிகுந்த உணவை ஒரே வேளையில் வயிறு நிறையச் சாப்பிடக் கூடாது. எனக்கு வயிறு முறுக்கிய இரண்டு முறையும் முந்திய இரவு இடிச்சக்கைத் துவரன்தான் (பிஞ்சுப் பலாப் பொரியல்) சாப்பிட்டிருந்தேன். இப்போது நன்றாக வெந்த மரச்சீனியும் மீன் குழம்பும் சிறிதளவு, மெதுவாக மென்று சாப்பிடுகிறேன். மட்டிப்பழம் ஒத்துக்கொள்கிறது. மலச்சிக்கல் வலியை இரட்டிப்பாக்கும் என்பதால் தண்ணீர் குடிக்க மறக்கக் கூடாது.

வேலைக்குப் போவது எப்படி?

விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களும், அண்டி ஆபீசில் (முந்திரித் தொழிற்சாலையில்) நாள் முழுவதும் குந்தியிருந்து தோல் நீக்குகிறவர்களும் இதைக் கேட்கிறார்கள். ஒரே நிலையில் நீண்ட நேரம் இருப்பதுதான் ஒட்டல் உள்ளவர்களுக்கு அதிகம் வலிக்கிறது. அரைமணிக்கு ஒரு முறை எழுந்து நாலடி நடந்தால் வித்தியாசம் தெரியும். மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவில் வரும் பேருந்தில் நான் பின்சக்கரத்துக்கு மேல் உள்ள இருக்கையில் உட்காருவதே இல்லை. வேகத்தடை வரும் இடங்களை மனப்பாடமாகத் தெரிந்துவைத்து, அதற்கு முன்பே உள்ளங்கையைத் தழும்பின் மேல் அழுத்திக்கொள்கிறேன். அறுவைக்குப் பின் நாளடைவில் மெல்ல நடப்பது நல்லது. பால் வாளியைத் தூக்குவதற்கு மருத்துவர் சொல்லும் வாரக் கணக்கைக் குறைக்காதீர்கள்.

வர்ம ஆசானிடம் தடவலாமா? சித்த மருந்து சாப்பிடலாமா?

இடுப்பிலும் முதுகிலும் இதமாகத் தடவுவதும், வெந்நீர் ஒத்தடமும் வலிக்கு ஆறுதல் தருகின்றன, நானும் செய்துகொள்கிறேன். அடிவயிற்றை ஆழமாக அழுத்தித் தடவுவதை, குறிப்பாகக் கட்டி இருக்கும்போது, தவிர்த்துவிடுங்கள். ஒட்டல் தடவலால் கரையும் என்பதற்குச் சான்று இல்லை. உள்ளுக்குச் சாப்பிடும் மருந்து எதுவானாலும் அதன் பெயரை இரு தரப்பு மருத்துவர்களுக்கும் சொல்லிவிடுங்கள்.

கணவரிடம் இதை எப்படிச் சொல்வது?

வெறுப்பினால் விலகவில்லை, ஆழத்தில் ஓர் இடம் வலிக்கிறது என்பதை மருத்துவர் வாயால் ஒரு முறை கேட்டால் பல கணவர்களுக்குப் புரிந்துவிடுகிறது. ஆகவே அடுத்த முறை அவரையும் அறைக்குள் கூட்டிக்கொண்டு போங்கள். வெளியே பெஞ்சில் உட்கார வைக்காதீர்கள்.

பழைய ஆபரேஷன் காகிதங்கள் தொலைந்துவிட்டன. அவை தேவையா?

மிகவும் தேவை. உங்களை அடுத்துத் திறக்கப்போகும் மருத்துவருக்கு, முன்பு திறந்தவர் எதைப் பார்த்தார், எதை விட்டுவைத்தார் என்பது தெரிய வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரி போதாது. என் முதல் சம்மரியில் அறுவையைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது. அறுவைக் குறிப்பு என்ற தனித் தாள் இருக்கும், திசுப் பரிசோதனை முடிவு இருக்கும், லேபராஸ்கோபி என்றால் காணொளியும் இருக்கும். உள்நோயாளி எண்ணையும் அறுவை நடந்த தேதியையும் எழுதி, மருத்துவப் பதிவேட்டுப் பிரிவில் நகல் கேட்டு விண்ணப்பியுங்கள். எண் நினைவில்லை என்றால் மருந்துச் சீட்டு ஏதாவது அலமாரியில் கிடக்கிறதா என்று தேடுங்கள், அதில் இருக்கும். என்னுடையவை இப்போது துணிக்கடைப் பை ஒன்றில், தேதி வரிசையில், பின்னடித்து இருக்கின்றன; ஒவ்வொரு தாளையும் கைப்பேசியில் படம் எடுத்து என் தங்கைக்கும் அனுப்பி வைத்திருக்கிறேன்.